சேர்வராயன் மலையின் நிலப் போர்வை வரைபடம் எவ்வளவு சரி? துல்லியத்தை மதிப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டுக்கு மேலே கடந்து செல்லும் செயற்கைக்கோளின் கண்ணில் படுவது மரங்களின் உச்சிகள்தாம். சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காபிச் செடிகள் நிற்கின்றனவா, மரத்தண்டில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறதா, அல்லது யாரும் நடாத உண்ணிச்செடிப் புதர் மண்டிக் கிடக்கிறதா என்பது அதற்கு நேரடியாகத் தெரிவதில்லை. ஆனாலும் சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்களைப் பதிவிறக்கி, என்ன வகை நிலம் என்று நமக்குத் தெரிந்த பயிற்சிப் புள்ளிகள் சிலவற்றைக் குறித்து, ரேண்டம் ஃபாரஸ்ட் போன்றதொரு வகைப்படுத்தும் கணினி முறையிடம் ஒப்படைத்தால், மலை முழுவதையும் காடு, காபித் தோட்டம், வயல், கட்டடம், நீர்நிலை எனப் பல வண்ணங்களில் பிரித்துக் காட்டும் வரைபடம் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. கூடவே மென்பொருள் துல்லிய விழுக்காடு ஒன்றையும் தருகிறது. அந்த விழுக்காடு பெரும்பாலும் மிகையானது. அதை அப்படியே எடுத்து அறிக்கையில் எழுதுவது சரியல்ல.

அது ஏன் மிகையாகிறது என்பதை ஓர் ஏக்கர் நிலத்தை வைத்தே பார்த்துவிடலாம். சென்டினல்-2 படத்தின் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 40 பிக்சல்கள் அடங்கும். நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தின் மேல் ஓர் ஏக்கர் அளவுக்குக் கட்டம் வரைந்து, அதிலுள்ள பிக்சல்களில் 70 விழுக்காட்டைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் ஒதுக்கினால், 28 பிக்சல்கள் ஒரு பக்கமும் 12 பிக்சல்கள் மறுபக்கமும் போகும். அந்தப் பன்னிரண்டும் அந்த இருபத்தெட்டுக்கு அண்டை வீடுகள்: மண், மரம், சரிவு, வெயில் எல்லாம் ஒன்றே. அவற்றைச் சரியாகச் சொல்லிவிட்டதனால், பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேறொரு சரிவிலும் வரைபடம் சரியாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

ஆயத்தமாகக் கிடைக்கும் உலக வரைபடங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்டுகவர் வரைபடம் 2021-ஆம் ஆண்டுக்கான பதிப்பில் 11 வகைகளுடன், உலக அளவில் 76.7 விழுக்காடு ஒட்டுமொத்தத் துல்லியம் கொண்டதாக வெளியிடப்பட்டது. அந்த எண் உலகத்துக்கு உரியது, சேர்வராயனுக்கு உரியதன்று. மேலும், அந்த வரைபடத்தின் மரப் போர்வை என்ற வகை நட்டு வளர்த்த மரத்தோட்டங்களையும் உள்ளடக்கியது. ஆகவே நிழல் மரங்களுக்குக் கீழுள்ள காபியும் இயற்கைக் காடும் அங்கே ஒரே பச்சையாகத் தெரிவதைப் பிழை என்று சொல்வதற்கில்லை, வரையறையே அப்படி. நமக்கு வேண்டிய கேள்விக்கு அந்த வரைபடம் விடை சொல்ல வரவில்லை, அவ்வளவுதான்.

கீழே சொல்லப்படும் முறை, வரைபடம் ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறது.

படி 1: எதை மதிப்பிடுகிறோம் என்பதை எழுதி வைத்தல்

புள்ளி ஒன்றைக்கூடத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு வகைக்கும் ஓர் எழுத்து வரையறை வேண்டும். காபித் தோட்டம் என்றால் என்ன? பராமரிப்பின்றிக் கைவிடப்பட்டு, செடிகளுக்கு நடுவே காட்டு மரங்கள் முளைத்துவிட்ட பழைய எஸ்டேட் எந்த வகை? ஆரஞ்சும் பலாவும் காபியும் கலந்து நிற்கும் சிறு பட்டா நிலம் எந்த வகை? அடிவாரத்தில் மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிய பிறகு வெறும் செம்மண்ணாகக் கிடக்கும் நிலம் வயலா, தரிசா? இவற்றுக்கு இயற்கையான ஒரே விடை கிடையாது. முடிவு எதுவாயினும், அதைச் சரிபார்ப்பின்போது புள்ளிக்குப் புள்ளி மாற்றிக்கொள்ளாமல் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். எடுத்துக்காட்டாக, "பிக்சலின் பரப்பில் பாதிக்கு மேல், வரிசையாக நடப்பட்ட காபிச் செடிகள், மேலே நிழல் மரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காபித் தோட்டம் எனப்படும்" என்பது செயல்படுத்தத் தக்க வரையறை. "பெரும்பாலும் காபி உள்ள இடம்" என்பது அவ்வாறானதன்று.

வரைபடம் எந்தக் காலத்துக்கு உரியது என்பதையும் இங்கேயே தீர்மானிக்க வேண்டும். பனமரத்துப்பட்டி ஏரியைப் போல நீர் வற்றிச் சீமைக்கருவேலம் படரும் இடங்களில், எந்த மாதத்துப் படம் என்பதைச் சொல்லாமல் நீர்நிலை என்ற வகையைச் சரி என்றோ தவறு என்றோ கூற முடியாது.

மூன்றாவதாக, பரப்பைக் கணக்கிடுவதற்கான ஆயத்தொலை முறை. சேலம் மாவட்டத்தை 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை வெட்டிச் செல்கிறது. உலகைத் தீர்க்கரேகைப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யூடிஎம் முறையில், சேலம் நகரமும் ஏற்காடும் 44-ஆம் வடக்கு மண்டலத்தில் வருகின்றன. மேட்டூரும் எடப்பாடியும் 43-ஆம் மண்டலத்தில் வருகின்றன. மலையை மட்டும் எடுத்துக்கொள்வோருக்கு 44 போதும். மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கொள்வோர் இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டு புள்ளிகள் இடம் மாறிக் கிடப்பதைப் பார்த்துத் திகைப்பது வழக்கமாக நடப்பதால், தொடக்கத்திலேயே எல்லா வரைபடத் தரவுகளையும் ஒரே மண்டலத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

படி 2: மாதிரிப் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்தல்

பயிற்சிக்குப் பயன்பட்ட புள்ளிகளுக்குச் சோதனையில் இடமில்லை. புதிய புள்ளிகள் வேண்டும். அவை சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். இங்கே நடைமுறையில் மிகப் பொருத்தமானது, வரைபடத்தின் ஒவ்வொரு வகையையும் ஓர் அடுக்காகக் கொண்டு, அடுக்குக்குள் கணினியே கண்ணை மூடிக்கொண்டு புள்ளிகளைத் தூவும் அடுக்குச் சமவாய்ப்பு மாதிரி. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் அகாட்டாமா என்ற செருகுநிரல் இதற்கென்றே உள்ளது; கூகுள் எர்த் எஞ்சினிலும் செய்யலாம்.

அடுக்குகள் எதற்கு? மலையின் பெரும்பகுதி மரப் போர்வை. ஏற்காடு ஏரியும் பாக்சைட் சுரங்கக் குழிகளும் மொத்தப் பரப்பில் மிகச் சிறு துளிகள். அடுக்கு இல்லாமல் புள்ளிகளைத் தூவினால் அந்தச் சிறு வகைகளுக்கு ஒன்றிரண்டு புள்ளிகூட விழாமல் போகலாம். எனவே, எவ்வளவு சிறிய வகையாயினும் 50 புள்ளிகளாவது ஒதுக்குவது பொது வழக்கம்.

மொத்தம் எத்தனை புள்ளிகள் என்பதற்கு மாதிரியியலில் வழங்கும் காக்ரன் சூத்திரம் உதவும். ஒவ்வொரு வகையின் பரப்பு விகிதத்தையும், அந்த வகை எவ்வளவு சரியாக இருக்கும் என்ற நம் ஊகத்தையும் அதில் இட வேண்டும். ஊகம் p என்றால், p-ஐ (1 − p)-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அதைப் பரப்பு விகிதத்தால் பெருக்கி, எல்லா வகைகளுக்கும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை நாம் ஏற்கத் தயாராக உள்ள திட்டப் பிழையால் (மதிப்பீடு மாதிரிக்கு மாதிரி எவ்வளவு மாறக்கூடும் என்பதன் அளவு) வகுத்து வர்க்கப்படுத்தினால் புள்ளிகளின் எண்ணிக்கை வரும். பரப்பு விகிதங்கள் 0.5, 0.2, 0.3 என்றும், ஊகங்கள் 0.75, 0.8, 0.9 என்றும், திட்டப் பிழை 0.025 என்றும் வைத்தால் ஏறத்தாழ 240 புள்ளிகள் தேவைப்படும். பிழையை 0.02 ஆகக் குறைக்க விரும்பினால் தேவை ஏறத்தாழ 370-க்கு மேல் ஏறிவிடும்.

இந்தப் படியில் நடக்கும் பெரிய முறைகேடு சோம்பலினால் வருவது. கணினி தூவிய புள்ளி செங்குத்துச் சரிவில் விழுந்துவிட்டதென்று, அதை எட்டக்கூடிய சாலையோரத்துக்கு நகர்த்திவிடுவார்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் மலைப்பாதையின் இரு மருங்கும் விடுதிகளும் கடைகளும் நன்கு பராமரிக்கப்பட்ட தோட்டங்களும் எளிதில் வகைப்படுத்தத் தக்கவை. வரைபடம் திணறுவது உள்ளே. சாலையோரத்தை மட்டும் சோதித்தால் துல்லியம் உயரத்தான் செய்யும். போக முடியாத புள்ளியை நகர்த்தக் கூடாது. அதை உயர் தெளிவுப் படங்களைக் கொண்டு மேசையில் அமர்ந்து படித்து, அவ்வாறு படிக்கப்பட்டது என்று குறிக்க வேண்டும்.

படி 3: தரையில் உண்மையில் என்ன இருக்கிறது?

முழு வேலையின் உயிர்நாடி இதுதான். நேரமும் பணமும் இங்கேயே செலவாக வேண்டும் என்பது என் கருத்து. சூத்திரங்களில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடப் பலர் இங்கே காட்டுவதில்லை.

முதல் விதி: புள்ளியைப் படிப்பவருக்கு வரைபடம் அதை என்னவென்று சொன்னது எனத் தெரியக் கூடாது. தெரிந்தால், ஐயமுள்ள இடத்தில் மனம் வரைபடத்தின் பக்கமே சாயும். புள்ளிக் கோப்பிலிருந்து வகைப் பெயர் உள்ள நெடுவரிசையை நீக்கி, வரிசையையும் கலைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். இயன்றவரை இருவர் தனித்தனியே படித்து, முரண்படும் புள்ளிகளை மூன்றாமவருடன் அமர்ந்து தீர்க்க வேண்டும். இருவரும் எத்தனை புள்ளிகளில் ஒத்துப்போனார்கள் என்பதே ஒரு முக்கியமான தகவல். மனிதக் கண்களே ஒத்துப்போகாத இரு வகைகளைக் கணினி பிரித்துவிட்டது என்று சொல்வதில் பொருளில்லை.

மேசையில் படிக்கும்போது கூகுள் எர்த்தின் பழைய படங்களையும் சேர்த்துப் பார்ப்பது மலைக்கு மிகவும் கைகொடுக்கும். அடிவாரச் சரிவுகளின் இலையுதிர் காடு வறண்ட மாதங்களில் இலையுதிர்த்துச் சாம்பல் நிறமாகிவிடும். சில்வர் ஓக் நிழலில் உள்ள தோட்டம் அப்போதும் பச்சையாக நிற்கும். ஒரே இடத்தின் பிப்ரவரி, மார்ச் படத்தையும் மழைக்குப் பிந்தைய படத்தையும் அருகருகே வைத்தால் இவ்விரண்டும் பெரும்பாலும் பிரிந்துவிடும். மேல்மட்டத்தின் பசுமை மாறாக் காட்டுத் துண்டுகளுக்கு இந்த உத்தி செல்லாது. அங்கே நிழல் மரங்கள் ஏறத்தாழ ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் நிற்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். காட்டின் தலைப்பரப்பு மேடும் பள்ளமுமாக, பலவகைப் பச்சையாக இருக்கும். படத்தின் தேதி முக்கியம். கையிலுள்ள வரைபடம் 2023-க்கு உரியதென்றால், 2017-இன் தெளிவான படத்தில் தெரியும் தோட்டத்தை வைத்து அதைத் தவறு என்று சொல்லிவிடக் கூடாது.

மலை நிழலையும் கவனிக்க வேண்டும். சென்டினல்-2 இப்பகுதியைக் கடப்பது முற்பகல் பத்தரை மணியளவில். டிசம்பர், ஜனவரியில் அந்நேரம் சூரியன் தென்கிழக்கே தாழ நிற்பதால், வடமேற்கு நோக்கிய செங்குத்துச் சரிவுகள் இருண்டு கிடக்கும். அந்த இருட்டை வகைப்படுத்தும் முறை நீர்நிலை என்று எடுத்துக்கொள்வதுண்டு. மலைச்சரிவில் ஏரி முளைத்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. சமவெளியில் இதற்கு நேர்மாறாக வெண்மை ஏமாற்றும்: சேலத்து மேக்னசைட் சுரங்கங்களின் வெள்ளைக் கழிவுக் குவியல்களும், ஜவ்வரிசி ஆலைகளின் காயவைக்கும் களங்களும், புதிய காங்கிரீட் கூரைகளும் மேலிருந்து பார்த்தால் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒளிரும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் தீராத புள்ளிகளுக்கு நேரில் போக வேண்டும். எஸ்டேட் என்றால் உரிமையாளரின் இசைவும், காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதியும் முன்கூட்டியே பெற வேண்டும். காட்டெருமை நடமாடும் மலை என்பதால் தனியே போவதும் வேண்டாம். கைபேசியின் ஜிபிஎஸ் திறந்தவெளியில் ஏறத்தாழ 5 மீட்டர் பிழையுடன் இடத்தைக் காட்டும். அடர்ந்த மரங்களின் கீழே அந்தப் பிழை கூடும். பிக்சலே 10 மீட்டர்தான் என்பதால், திரையில் புள்ளியைத் தொட்டுவிட்டோம் என்பதோடு நிறுத்தாமல், சுற்றிலும் 30 மீட்டர் அளவுக்கு என்ன இருக்கிறது என்பதையும் படிவத்தில் எழுதி, நான்கு திசைகளிலும் மேல்நோக்கியும் படம் எடுத்து வைக்க வேண்டும்.

அங்குள்ளவர்களிடம் கேட்பதில் தயக்கமே கூடாது. வேலிக்கு வெளியே நின்று "ஐயா, இது காடுங்களா, தோட்டமுங்களா?" என்று கேட்டால், "தோட்டந்தானுங்க. ஆளு கிடைக்காம விட்டுட்டாங்க, இப்ப உள்ள காலு வைக்க முடியாது" என்ற பதில் கிடைக்கும். படத்தில் அது காடு, பட்டாவில் அது தோட்டம், உள்ளே போய்ப் பார்த்தால் கவாத்து காணாமல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்ட காபிச் செடிகள். முதல் படியில் எழுதிய வரையறை இங்கேதான் கைகொடுக்கும். படிவத்தில் "நிச்சயம்", "ஓரளவு", "ஐயம்" என்று குறிக்க ஒரு நெடுவரிசையும் இருக்கட்டும். ஐயப் புள்ளிகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடக் கூடாது, நீக்கினால் கடினமான இடங்களை எல்லாம் நீக்கியதாகிவிடும். அவற்றைச் சேர்த்து ஒரு முறையும் சேர்க்காமல் ஒரு முறையும் கணக்கிட்டு இரண்டையும் காட்டலாம்.

படி 4: பிழை அணியை அமைத்தல்

வரைபடம் சொன்னதை வரிசைகளிலும் தரையில் கண்டதை நெடுவரிசைகளிலும் இட்டால் பிழை அணி கிடைக்கும். கணக்கு விளங்குவதற்காக மட்டும் கற்பனை எண்களைக் கொண்ட ஓர் அணி கீழே உள்ளது. பரப்பு 40,000 ஹெக்டேர். வரைபடத்தின்படி காடு 20,000, காபி 8,000, மற்றவை 12,000 ஹெக்டேர். ஒவ்வொரு வகையிலும் 100 புள்ளிகள்.

| வரைபடத்தில் | தரையில் காடு | தரையில் காபி | தரையில் மற்றவை | மொத்தம் |
|---|---|---|---|---|
| காடு | 76 | 20 | 4 | 100 |
| காபி | 12 | 82 | 6 | 100 |
| மற்றவை | 6 | 4 | 90 | 100 |

மூலைவிட்டத்தில் உள்ளவை சரியானவை: 76, 82, 90, கூட்டினால் 248. அதை 300-ஆல் வகுத்து 82.7 விழுக்காடு என்று எழுதிவிட்டுப் போவதே பெரும்பாலோர் செய்வது. அது தவறு. ஏனெனில் எல்லாப் புள்ளிகளும் சம எடை கொண்டவையல்ல. காட்டில் விழுந்த ஒவ்வொரு புள்ளியும் 200 ஹெக்டேருக்காகப் பேசுகிறது. காபியில் விழுந்தது 80 ஹெக்டேருக்காக. மற்றவையில் விழுந்தது 120 ஹெக்டேருக்காக. இந்த எடைகளுடன் கணக்கிட்டால் சரியாக வகைப்படுத்தப்பட்ட பரப்பு 15,200 + 6,560 + 10,800, அதாவது 32,560 ஹெக்டேர். ஒட்டுமொத்தத் துல்லியம் 81.4 விழுக்காடு.

வேறுபாடு சிறிதுதானே என்று தோன்றலாம். காபியைத் தனியே எடுத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஒவ்வொரு வகைக்கும் இரண்டு துல்லியங்கள் உண்டு. வரைபடம் காபி என்று காட்டும் இடத்துக்குப் போனால் அங்கே காபி இருப்பதற்கான விகிதம் பயனர் துல்லியம். இங்கே அது 82 விழுக்காடு. தரையில் உள்ள காபியில் எவ்வளவை வரைபடம் பிடித்தது என்பது தயாரிப்பாளர் துல்லியம். எடை பார்க்காமல் நெடுவரிசையைக் கூட்டினால் 106-இல் 82, அதாவது 77.4 விழுக்காடு வரும். எடையுடன் பார்த்தால் தரையில் உள்ள காபி 20 × 200 + 82 × 80 + 4 × 120 = 11,040 ஹெக்டேர்; அதில் வரைபடம் பிடித்தது 6,560 ஹெக்டேர், அதாவது 59.4 விழுக்காடு. நூறு ஹெக்டேர் காபியில் நாற்பது ஹெக்டேர் வேறு பெயரில் ஒளிந்துகொண்டிருக்கிறது, அதுவும் பெரும்பகுதி காடு என்ற பெயரில். ஒட்டுமொத்தத் துல்லியம் 81 என்று மட்டும் படித்தவருக்கு இது தெரியவே வராது.

கப்பா கெழு பற்றி ஒரு சொல். கோஹென் என்ற உளவியலாளர் 1960-இல் முன்வைத்த இந்த ஒத்திசைவு அளவை இன்றும் பல ஆய்வேடுகளில் கட்டாயச் சடங்குபோல இடம்பெறுகிறது. தற்செயல் ஒத்திசைவைக் கழிப்பதாகச் சொல்லும் அதன் அடிப்படையே இவ்வேலைக்குப் பொருந்தாது என்று பொன்டியஸ், மில்லோன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2011-இல் விரிவாக வாதிட்டனர். ஆய்வு நெறியாளர் கேட்டால் கொடுத்துவிடலாம். முடிவுகளை அதன் மேல் கட்ட வேண்டாம். 85 விழுக்காடு இருந்தால் தேர்ச்சி என்ற எல்லைக்கோடும் அப்படித்தான்; அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் 1976-ஆம் ஆண்டு வகைப்பாட்டு அறிக்கையோடு பரவிய அந்த எண், சேர்வராயனில் காபியையும் காட்டையும் பிரிக்கும் வேலைக்கு எழுதப்பட்டதன்று.

படி 5: பரப்பைத் திருத்தி, பிழை எல்லையுடன் தருதல்

பிக்சல்களை எண்ணிக் காபி 8,000 ஹெக்டேர் என்று சொல்வதற்கும், மாதிரியிலிருந்து 11,040 ஹெக்டேர் என்று மதிப்பிடுவதற்கும் இடையே 3,000 ஹெக்டேருக்கு மேல் வேறுபாடு. அறிக்கையில் வர வேண்டியது இரண்டாவது எண். அதுவும் தனியாக அல்ல. ஒவ்வொரு அடுக்கிலும், அங்கே காபியாக இருந்த புள்ளிகளின் விகிதத்தை ஒன்றிலிருந்து கழித்து, அவ்விரண்டையும் பெருக்கி, புள்ளிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்க வேண்டும். அதை அடுக்கின் பரப்பின் வர்க்கத்தால் பெருக்கி, மூன்று அடுக்குகளுக்கும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் திட்டப் பிழை கிடைக்கும். மேற்கண்ட அணிக்கு அது ஏறத்தாழ 893 ஹெக்டேர்; 1.96-ஆல் பெருக்கினால் 1,750. ஆக, காபியின் பரப்பு 11,040 ± 1,750 ஹெக்டேர், 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளியில். பிக்சல் எண்ணிக்கையான 8,000 இந்த இடைவெளிக்கு வெளியே விழுகிறது. அதேபோல் காடு 20,000 அன்று, 16,880. காடு எவ்வளவு என்ற எண்ணை வைத்துத் திட்டம் தீட்டுவோருக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

இந்தப் பிழையில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் கணக்கே காட்டும்: காடு என்ற அடுக்கில் மறைந்துள்ள அந்த 20 புள்ளிகளிலிருந்து. இடைவெளியைச் சுருக்க விரும்புபவர் காபி அடுக்கில் புள்ளிகளைக் கூட்டிப் பயனில்லை. காடு அடுக்கில் கூட்ட வேண்டும்.

படி 6: பிழைகள் விழுந்த இடங்களைப் பார்த்தல், அறிக்கை எழுதுதல்

தவறான புள்ளிகளை மட்டும் தனி அடுக்காக எடுத்து உயர வரைபடத்தின் மேல் போட்டுப் பார்க்க வேண்டும். அவை மலை முழுவதும் பரவிக் கிடந்தால் ஒன்று. 1,000 மீட்டருக்கு மேலுள்ள சரிவுகளில் குவிந்திருந்தால், அல்லது வடமேற்கு முகங்களில் மட்டும் குவிந்திருந்தால், காரணம் கையில் சிக்கிவிட்டது. பிப்ரவரி, மார்ச் படங்களைச் சேர்ப்பதா, உயரத் தரவைச் சேர்ப்பதா, சரிவின் ஒளித் திருத்தம் செய்வதா என்பது அதிலிருந்து தெரியும்.

அறிக்கையில் பிழை அணியைப் புள்ளி எண்ணிக்கைகளுடன் முழுமையாகவும், ஒவ்வொரு வகையின் வரைபடப் பரப்பையும், வகை வரையறைகளையும், மாதிரி எடுத்த முறையையும், எத்தனை புள்ளிகள் நேரில் பார்க்கப்பட்டன எத்தனை மேசையில் படிக்கப்பட்டன என்பதையும் தர வேண்டும். இவை இருந்தால் வேறொருவர் மேற்கண்ட கணக்கைத் தாமே போட்டுச் சரிபார்க்கலாம். விழுக்காடுகள் மட்டும் இருந்தால் முடியாது. நேரில் பார்த்த புள்ளிகளை வெளியிடும்போது தனியார் தோட்டங்களின் உரிமையாளர் விவரங்களை நீக்கிவிட வேண்டும்.

பிழைகளைப் பார்த்து வரைபடத்தைத் திருத்திய பிறகு, அதே புள்ளிகளைக் கொண்டு மீண்டும் துல்லியத்தை அளக்கக் கூடாது. திருத்தத்துக்கு வழிகாட்டிய நொடியிலேயே அவை பயிற்சிப் புள்ளிகளாகிவிட்டன. திருத்திய வரைபடத்தின் வகைகளை அடுக்குகளாகக் கொண்டு புதிய புள்ளிகளைத் தூவி, இரண்டாம் படியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.